மரம் தீயை வளர்க்கும், நீர் தீயை அவிக்கும்: சீனச் சோதிடத்தின் ஐந்து மூலகங்கள்

சீனப் புத்தாண்டு நெருங்கும் நாள்களில் இதழ்களில் வெளியாகும் பலன் பகுதிகள் பெரும்பாலும் பன்னிரண்டு விலங்குகளைச் சுற்றியே அமைகின்றன. எலி ஆண்டில் பிறந்தவர் கெட்டிக்காரர், எருது ஆண்டில் பிறந்தவர் உழைப்பாளி என்ற அளவோடு அவை நின்றுவிடுவதால், சீனச் சோதிடம் என்பது விலங்குப் பெயர் தாங்கிய ஒரு ராசிபலன் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் 2024ஆம் ஆண்டு சீனப் பஞ்சாங்கத்தில் வெறும் டிராகன் ஆண்டன்று, மர டிராகன் ஆண்டு. 2026ஆம் ஆண்டு வெறும் குதிரை ஆண்டன்று, தீக்குதிரை ஆண்டு. முறையாகக் கற்ற சீனச் சோதிடர் முதலில் நோக்குவது விலங்கை அன்று. அதற்கு முன்னே நிற்கும் மூலகத்தையே. மரம், தீ, மண், உலோகம், நீர் ஆகிய இவ்வைந்தையும் சீனர் ‘வூசிங்’ என்று தொகுத்துச் சொல்வர். விலங்குகள் எழுத்தறியாதவரும் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் அடையாளங்கள் என்ற அளவில் நிற்க, கணிப்பு முழுவதும் இந்த ஐந்தின் உறவுகளைக் கொண்டே நடக்கிறது.

தமிழ் வாசகருக்கு இப்பட்டியலைக் கண்டதும் ஐம்பூதங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. நிலம், நீர், தீ ஆகிய மூன்றும் இரு மரபுகளுக்கும் பொது. காற்றும் ஆகாயமும் சீனப் பட்டியலில் இல்லை. மரமும் உலோகமும் நம் பட்டியலில் இல்லை. இவ்வேறுபாட்டைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. ஐம்பூதக் கொள்கை உடலும் உலகும் எவற்றால் ஆனவை என்று கேட்கிறது. வூசிங் கொள்கையோ ஒரு நிலை எவ்வாறு இன்னொரு நிலையாக மாறுகிறது என்று கேட்கிறது. முளைத்து மேலெழுந்து பரவும் நிலை மரம். வளர்ச்சி உச்சத்தைத் தொட்டு ஒளிரும் நிலை தீ. விரிந்தது சுருங்கி இறுகும் நிலை உலோகம். ஒடுங்கியது உள்ளே அடங்கி அடுத்த முளைப்புக்குக் காத்திருக்கும் நிலை நீர். இந்நான்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுவதற்கு நடுவே நின்று இடம் தருவது மண். ஆகவே அறிஞர் சிலர் இவற்றைப் பூதங்கள் என்னாமல் நிலைகள் என்றே குறிப்பிடுகின்றனர். மூலகம் என்ற சொல் வழக்கில் ஊன்றிவிட்டமையால் இக்கட்டுரையும் அதையே கையாள்கிறது. எனினும் அது ஒரு பொருளைக் குறிக்கவில்லை, ஒரு போக்கைக் குறிக்கிறது என்பதை நினைவில் கொண்டாலன்றிப் பின்வரும் செய்திகள் விளங்கா.

இவ்வைந்தையும் வரிசைப்படுத்திச் சொல்லும் பழைய நூற்பகுதி, ‘ஷூஜிங்’ என்னும் வரலாற்று ஆவணத் தொகுப்பில் உள்ள ‘ஹோங்ஃபான்’ இயலாகும். நீர் நனைத்துக் கீழிறங்கும், தீ எரிந்து மேலேறும், மரம் வளையவும் நிமிரவும் வல்லது, உலோகம் வார்த்த வடிவை ஏற்கும், மண் விதையை வாங்கி விளைச்சலைத் தரும் என்று ஒவ்வொன்றின் இயல்பையும் அது ஒரு செயலால் விளக்குவது கவனிக்கத்தக்கது. உவர்ப்பை நீரோடும், கசப்பைத் தீயோடும், புளிப்பை மரத்தோடும், காரத்தை உலோகத்தோடும், இனிப்பை மண்ணோடும் சேர்க்கும் சுவைக் கணக்கும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. சோதிடம் என்று சொல்லத்தக்கது எதுவும் அதில் இல்லை; நாட்டை ஆள்வோன் அறிந்திருக்க வேண்டியவற்றுள் முதலாவதாகவே அது இவ்வைந்தையும் வைக்கிறது.

ஐந்தையும் பிணைப்பவை இரண்டு சுழற்சிகள். முதலாவது பிறப்பிக்கும் சுழற்சி: மரம் எரிந்து தீயை வளர்க்கிறது, தீ சாம்பலாகி மண்ணாகிறது, மண்ணின் வயிற்றில் உலோகம் விளைகிறது, குளிர்ந்த உலோகத்தின் மேல் பனிநீர் அரும்புகிறது, நீர் மரத்தை வளர்க்கிறது. இதில் உலோகத்திலிருந்து நீர் பிறப்பதாகச் சொல்வது பலருக்கும் இடறும் இடம்; வெண்கலக் கண்ணாடியை இரவில் வெளியே வைத்து அதன் மேல் படியும் பனித்துளிகளைச் சடங்குக்குரிய தூய நீராகத் திரட்டும் வழக்கம் பண்டைச் சீனத்தில் இருந்தது என்பதை அறிந்தால் அவ்விடறல் நீங்கும். இரண்டாவது அடக்கும் சுழற்சி: மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கிறது, மண் கரையாக நின்று நீரைத் தடுக்கிறது, நீர் தீயை அவிக்கிறது, தீ உலோகத்தை உருக்குகிறது, உலோகம் மரத்தை வெட்டுகிறது. முதற்சுழற்சியை நன்மையென்றும் இரண்டாவதைத் தீமையென்றும் பிரிப்பது மேலோட்டமான நூல்களின் பழக்கம். மரபுவழிச் சோதிடர் அவ்வாறு கொள்வதில்லை. அடக்குவார் இல்லாத மூலகம் மிகுந்து கெடும், ஆதரிப்பார் இல்லாத மூலகம் மெலிந்து கெடும் என்பதே அவர்தம் அடிப்படைக் கோட்பாடு.

இச்சுழற்சிகளை எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதாகவும் எண்ண வேண்டா. மெய்யியலாளர் மோட்ஸியின் வழிவந்தோர், ஒரு மூலகம் மற்றொன்றை எப்போதும் வெல்லும் என்பது பொருந்தாது, அளவே வெற்றியை முடிவு செய்யும் என்று கிறித்துவுக்கு முன்பே வாதிட்டனர். தீ மிகுந்தால் உலோகம் உருகும், உலோகம் மிகுந்தால் கரித்தணல் அவிந்துபோகும். இச்சுழற்சிகளுக்கு எதிராகச் சொல்லப்பட்ட இவ்வாதத்தை ஒப்பதுபோலவே, மூலகத்தின் இருப்பை மட்டும் பாராமல் அதன் வலிமையையும் நிறுத்துப் பார்க்கும் முறை பிற்காலச் சோதிடத்தில் வளர்ந்தது.

மூலகங்கள் தனிமனிதனின் தலைவிதியைச் சொல்லத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அரசுகளின் தலைவிதியைச் சொல்லின. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ட்ஸோ யான் என்னும் அறிஞர், ஒவ்வோர் அரசமரபும் ஒரு மூலகத்தின் ஆற்றலால் ஆள்கிறது, அதை அடக்கும் மூலகத்தின் முறை வரும்போது அம்மரபு வீழ்கிறது என்று ஒரு வரலாற்றுக் கோட்பாட்டை வகுத்தார். மஞ்சள் பேரரசர் மண், சியா மரபு மரம், ஷாங் மரபு உலோகம், சௌ மரபு தீ என்பது அவர் கணக்கு. எனவே சௌவை வெல்லும் மரபு நீருக்கு உரியதாக இருக்க வேண்டும். கி.மு. 221இல் சீனத்தை ஒருங்கிணைத்த சின் மரபின் முதற்பேரரசர் இதை அப்படியே ஏற்றார். நீரின் நிறம் கறுப்பு ஆகையால் உடைகளும் கொடிகளும் கறுப்பாயின; நீரின் எண் ஆறு ஆகையால் அரசுத் தொப்பிகள் ஆறு அங்குல அளவிலும் வண்டிகள் ஆறடி அகலத்திலும் அமைந்தன; குளிர்காலத்துக்கும் தண்டனைக்கும் உரியது நீர் என்பதால் சட்டத்தின் கடுமைக்கும் அதுவே சான்றாகக் காட்டப்பட்டது. கொடுங்கோன்மைக்குக் கோட்பாடு தேடிக் கொடுப்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த ஹான் மரபினர் தமது மூலகம் எது என்பதில் இரண்டு நூற்றாண்டுகள் தடுமாறினர். தொடக்கத்தில் நீர் என்றனர், கி.மு. 104இல் நாள்காட்டியைத் திருத்தியபோது மண் என்று மாற்றி மஞ்சளை ஏற்றனர், கி.பி. 26இல் தீ என்று முடிவு செய்து சிவப்புக்கு மாறினர். இறுதி மாற்றத்துக்குப் பின்னே கோட்பாட்டு மாற்றமும் ஒன்று இருந்தது. ஓர் அரசு மற்றொன்றை அடக்கி வருவதாகச் சொல்வது கலகத்துக்கு வழி காட்டும் என்பதனாலோ என்னவோ, ஓர் அரசிலிருந்து மற்றொன்று பிறப்பதாகக் கொள்ளும் பிறப்பிக்கும் சுழற்சியை அரசவை அறிஞர் கைக்கொண்டனர். அந்தக் கணக்கின்படி தீயிலிருந்து பிறப்பது மண். கி.பி. 184இல் ஹான் அரசுக்கு எதிராகக் கிளர்ந்த உழவர் மஞ்சள் தலைப்பாகை அணிந்ததும், 220இல் ஹான் அரியணையைப் பெற்ற வெய் மரபினர் தமது முதல் ஆட்சிக்காலத்துக்கு ‘மஞ்சளின் தொடக்கம்’ எனப் பெயரிட்டதும் இதனோடு ஒத்துப் போகின்றன.

இக்கோட்பாட்டின் மிக நுட்பமான தடயம் மிங் மரபின் அரசர் பெயர்களில் உள்ளது. 1368இல் அம்மரபை நிறுவிய ஜூ யுவான்ஜாங், தம் வழித்தோன்றல்களின் பெயரெழுத்தில் தலைமுறைக்கு ஒன்றாக மூலகக் குறிகள் பிறப்பிக்கும் வரிசையில் வர வேண்டும் என்று விதித்தார். சீன எழுத்துகள் பல உறுப்புகளால் ஆனவை; அவ்வுறுப்புகளுள் ஒன்று மரத்தையோ நீரையோ குறிப்பதாக அமையலாம். அதன்படி அவர் மகனும் பெய்ஜிங் அரண்மனையைக் கட்டியவருமான ஜூ தியின் பெயரில் மரம். அவர் மகன் ஜூ காவோசியின் பெயரில் தீ. பேரன் ஜூ ஜான்ஜியின் பெயரில் மண். அடுத்த ஜூ சிஜென்னின் பெயரில் உலோகம். அவர் மகன் ஜூ ஜியான்ஷென்னின் பெயரில் நீர். பிறகு மீண்டும் மரம், தீ, மண், உலோகம், நீர் என இரண்டாம் சுற்று முடிந்து, 1644இல் அரண்மனைக்குப் பின்னுள்ள குன்றில் தூக்கிட்டு மாண்ட கடைசிப் பேரரசர் ஜூ யோஜியானின் பெயரில் மறுபடியும் மரம் வந்து நிற்கிறது. ஐந்து மூலகங்களை ஏட்டில் படிப்பதைவிட இந்தப் பெயர் வரிசையில் படிப்பது எளிது.

அரண்மனைக் கட்டடங்களும் அதே மொழியில் பேசுகின்றன. மரத்துக்குக் கிழக்கும் பசுமையும் வசந்தமும், தீக்குத் தெற்கும் சிவப்பும் கோடையும், உலோகத்துக்கு மேற்கும் வெண்மையும் இலையுதிர்காலமும், நீருக்கு வடக்கும் கறுப்பும் குளிர்காலமும், மண்ணுக்கு நடுவும் மஞ்சளும் உரியன. நான்கு பருவங்களை ஐந்துக்குப் பங்கிடுவது எப்படி என்ற சிக்கலுக்கு, ஒவ்வொரு பருவத்தின் இறுதிப் பதினெட்டு நாள்களையும் மண்ணுக்கு ஒதுக்கிவிடுவது ஒரு தீர்வாயிற்று; அவ்வாறு ஒதுக்கினால் ஐந்துக்கும் எழுபத்திரண்டு நாள்கள் வீதம் சமமாகக் கிடைக்கும். பெய்ஜிங் அரண்மனையின் கூரைகள் பெரும்பாலும் மஞ்சள் ஓடு வேய்ந்தவை; உலகின் நடுவில் இருப்பவன் பேரரசன் என்பது அதன் பொருள். கிழக்கே இளவரசர்கள் தங்கிய மாளிகைத் தொகுதிக்கு மட்டும் பச்சை ஓடு. வளரும் பிள்ளைகளுக்கு மரமே பொருத்தம். 1776இல் கட்டி முடிக்கப்பட்ட வென்யுவான் நூலகத்தின் கூரையோ கறுப்பு ஓடுகளால் ஆனது, தூண்களும் சிவப்புக்குப் பதிலாகப் பச்சை வண்ணம் பூசப்பட்டவை. நூலகத்தின் பகை தீ; தீயை அடக்குவது நீர்; நீரின் நிறம் கறுப்பு. அந்நூலகத்துக்கு முன்மாதிரி, நிங்போ நகரில் ஃபான் சின் என்னும் அலுவலர் பதினாறாம் நூற்றாண்டில் அமைத்த தியான்யி நூலகம். ‘வானத்தின் ஒன்று நீரைப் பிறப்பிக்கிறது, நிலத்தின் ஆறு அதை நிறைவு செய்கிறது’ என்னும் எண் கோட்பாட்டிலிருந்து அதன் பெயர் வந்தது. மேல்தளம் முழுவதும் ஒரே அறையாகவும் கீழ்த்தளம் ஆறு பகுதிகளாகவும் அமைந்திருப்பது அதன் பொருட்டே. அந்நூலகம் நிலைத்திருப்பதற்கு எண்ணைவிட, விளக்கும் நெருப்பும் உள்ளே வரக்கூடாது என்ற கண்டிப்பான விதியே காரணமாயிருக்கும்.

கோள்களுக்கும் இதே பங்கீடு உண்டு. வியாழன் மரக்கோள், செவ்வாய் தீக்கோள், சனி மண்கோள், வெள்ளி உலோகக்கோள், புதன் நீர்க்கோள் என்பன இன்றும் சீன வானியலார் வழங்கும் பெயர்கள். சீனர் இவற்றைக் குறிகேட்கும் நோக்கோடு பார்த்தாலும் மிகக் கூர்ந்தே பார்த்தனர், கி.மு. 168இல் மூடப்பட்டு 1973இல் அகழப்பட்ட மாவாங்துயி கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடி, வெள்ளி ஒரு சுற்றை முடித்து மீண்டும் அதே தோற்றத்துக்கு வர 584.4 நாள் ஆகும் என்கிறது. இன்றைய அளவு 583.9 நாள். ஜப்பானியரும் கொரியரும் கிழமைகளைக் குறிப்பதும் இம்மூலகப் பெயர்களாலேயே. தீநாள் என்றால் செவ்வாய்க்கிழமை, நீர்நாள் என்றால் புதன், மரநாள் என்றால் வியாழன், உலோகநாள் என்றால் வெள்ளி, மண்நாள் என்றால் சனி. நம் கிழமை வரிசையோடு இது பிசகாமல் ஒத்துப்போவது தற்செயல் அன்று. கோள்களின் பெயரால் அமைந்த ஏழுநாள் வாரம் இந்திய, மைய ஆசியச் சோதிட நூல்களின் வழியாகச் சீனத்தை அடைந்தது. இலங்கைக்கும் வந்து சென்ற பௌத்தத் துறவி அமோகவஜ்ரர் 759இல் சீன மொழியில் அளித்த ‘சியூயாவோ ஜிங்’ என்னும் நூலை, 806இல் நாடு திரும்பிய கூக்காய் என்னும் துறவி ஜப்பானுக்குக் கொண்டுசென்றார்.

ஆண்டுக்கு மூலகம் சேர்வது எப்படி என்பதை இனிக் காணலாம். சீன நாள்காட்டி பத்து ‘வானத் தண்டு’களையும் பன்னிரண்டு ‘நிலக் கிளை’களையும் கொண்டது. இவை நாள்களை எண்ணுவதற்காகப் பிறந்தவை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஷாங் காலத்து எலும்புக் கல்வெட்டுகளிலேயே இக்கணக்கு உள்ளது. ஐந்து மூலகங்களும் ஒவ்வொன்றும் யாங், யின் என இரு முகம் கொண்டு பத்தாகிப் பத்துத் தண்டுகளோடு பொருந்தின. யாங் என்பது வெளிப்படையாகச் செயல்படும் முகம், யின் என்பது உள்ளடங்கி ஏற்கும் முகம். இதனால் ஒரே மூலகத்துக்கு இருவேறு குணம் கிட்டுகிறது: யாங் மரம் ஓங்கி நிற்கும் நெடுமரம், யின் மரம் வளைந்து பிழைக்கும் கொடியும் புல்லும், யாங் தீ சூரியன், யின் தீ விளக்கின் சுடர், யாங் மண் மலை, யின் மண் கழனி, யாங் உலோகம் கோடரி, யின் உலோகம் அணிகலன், யாங் நீர் பேராறு, யின் நீர் மழையும் பனியும். பன்னிரண்டு கிளைகளே பன்னிரண்டு விலங்குகளாகப் பின்னர் வழங்கலாயின. தண்டும் கிளையும் இணைந்து ஓடும்போது யாங் யாங்கோடும் யின் யின்னோடும் மட்டுமே சேரும் என்பதால் நூற்றிருபது இணைகளுக்குப் பதில் அறுபதே கிடைக்கின்றன. அதுவே அறுபது ஆண்டுச் சுழற்சி.

ஓர் ஆண்டின் மூலகத்தை அறிய ஏடு புரட்ட வேண்டியதில்லை. ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கம் போதும். 4, 5 மரம். 6, 7 தீ. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். இரட்டை எண் யாங், ஒற்றை எண் யின். 1990இல் பிறந்தவர் இதன்படி உலோகக் குதிரை. ஆனால் அவர் அவ்வாண்டு ஜனவரி 20இல் பிறந்திருந்தால் சீனக் கணக்கில் முந்தைய ஆண்டே நடந்துகொண்டிருந்தது ஆகையால் அவர் மண் பாம்பு. மக்கள் வழக்கில் ஆண்டு மாறுவது ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையே வரும் அமாவாசைப் புத்தாண்டில். சோதிடருக்கோ பிப்ரவரி 4ஐ ஒட்டிச் சூரியன் கணக்கால் வரும் வசந்தத் தொடக்க நாளில். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே பிறந்தவர்களின் மூலகம் ஆளுக்கு ஆள் வேறாகச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

பிரபவ முதல் அட்சய வரை எண்ணும் தமிழருக்கு அறுபதாண்டுச் சுழற்சி புதிதன்று. இரண்டும் வேறு வேறு வழியில் உருவானவை. நம்முடையது வியாழனின் ஓட்டத்தை ஒட்டியது, சீனருடையது நாள் எண்ணிக்கையிலிருந்து ஆண்டுக்கு வந்தது. இப்போது நடக்கும் சீனச் சுழற்சி 1984இல் மர எலி ஆண்டோடு தொடங்கிற்று. தமிழ்ச் சுழற்சி 1987இல் பிரபவவோடு தொடங்கிற்று. இவ்விரண்டும் ஓரிடத்தில் கைகோத்துக் கொண்டன, அது திபெத்து. காலச்சக்கரத் தந்திரத்தின் வழியாக இந்தியச் சுழற்சியையும், சீனத்திலிருந்து மூலகங்களையும் விலங்குகளையும் பெற்ற திபெத்தியர், 1027ஆம் ஆண்டின் தீ முயல் ஆண்டைப் பிரபவவாகக் கொண்டு எண்ணத் தொடங்கினர். அதனாலேயே அவர்களுடைய பதினேழாவது சுழற்சியும் நம் பிரபவவும் 1987இல் ஒருங்கே பிறந்தன.

ஆண்டின் மூலகம் மட்டும் கொண்டு சொல்லும் பலன் சீனச் சோதிடத்தின் மிக மெலிந்த பகுதி. ஓராண்டில் பிறந்த கோடிக்கணக்கானோருக்கு ஒரே குணம் எனச் சொல்வதில் சோதிடருக்கே நம்பிக்கை இருந்ததில்லை. முறையான கணிப்பு ‘பாட்ஸி’ எனப்படும்; எட்டு எழுத்துகள் என்பது அதன் பொருள். பிறந்த ஆண்டு, மாதம், நாள், பொழுது என்னும் நான்குக்கும் தண்டு ஒன்று, கிளை ஒன்று எனக் கொண்டு நான்கு தூண்களில் எட்டெழுத்துகளை நிறுத்துவர். பொழுது என்பது இரண்டு மணி நேரம், நம் கணக்கில் ஐந்து நாழிகை. தாங் மரபின் காலத்தில் லி சூசோங் ஆண்டை முதன்மையாகக் கொண்டு வளர்த்த இம்முறையை, பின்வந்த சூ ஸிபிங் பிறந்த நாளின் தண்டே ஜாதகரைக் குறிக்கும் என்று மாற்றியமைத்தார். இன்றும் இக்கலை அவர் பெயரால் வழங்குகிறது.

சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்ட 1949 அக்டோபர் 1ஐ எடுத்துக்கொண்டால் முறை விளங்கும். அன்று ஆண்டுத் தூண் மண் எருது, மாதத் தூண் நீர்ச் சேவல், நாள் தூண் மர எலி. அந்நாளில் பிறந்த குழந்தையைக் குறிப்பது நாளின் தண்டாகிய யாங் மரம். மாதமோ இலையுதிர்காலத்தின் நடுப்பகுதி. சேவல் உலோகத்துக்கு உரிய கிளை. உலோகம் ஓங்கிய பருவத்தில் மரம் பிறப்பது நலிவு. ஆனால் மாதத்தின் தண்டு நீர், நாளின் கிளையாகிய எலியும் நீர். உலோகம் நீரைப் பிறப்பிக்கும், நீர் மரத்தை வளர்க்கும் ஆகையால் வெட்ட வந்த கோடரியின் ஆற்றல் நடுவில் நின்ற நீரின் வழியாக வேருக்கு ஊட்டமாய்த் திரும்புகிறது என்று சோதிடர் சொல்வார். சீனச் சோதிடத்தின் சுவை முழுவதும் இத்தகைய நடுவர்களைக் கண்டுபிடிப்பதிலேயே இருக்கிறது. பொழுதுத் தூணையும் சேர்த்த பிறகே முடிவு கூறுவர்.

மூலகங்கள் குணத்தையும் உறவையும் சொல்வது இவ்வடிப்படையிலேயே. அன்பு மரத்துக்கும், ஒழுங்குமுறை தீக்கும், நம்பகம் மண்ணுக்கும், நேர்மை உலோகத்துக்கும், அறிவு நீருக்கும் உரிய நற்பண்புகள். அளவு மீறினால் மரம் பிடிவாதமாகும், தீ பதற்றமாகும், மண் அசையாத மந்தமாகும், உலோகம் இரக்கமின்மையாகும், நீர் நிலையின்மையாகும். ஜாதகரின் மூலகத்தைப் பிறப்பிப்பது தாய், ஜாதகரின் மூலகம் பிறப்பிப்பது அவருடைய வெளிப்பாடு, ஜாதகரின் மூலகம் அடக்குவது செல்வம், அதை அடக்குவது அதிகாரம். ஆணின் கணிப்பில் செல்வத்துக்குரிய இடமே மனைவிக்கும் உரியது. பெண்ணின் கணிப்பில் அதிகாரத்துக்குரிய இடமே கணவனுக்கும் உரியது. விண்ணின் விதி என்று சொல்லப்பட்டது அக்காலக் குடும்பத்தின் விதியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எட்டெழுத்துகளில் ஏதேனும் ஒரு மூலகம் அறவே இல்லையெனில் அதைப் பெயரால் ஈடுசெய்வது இன்றும் நிலவும் வழக்கம். மூன்று மரங்கள் சேர்ந்த எழுத்து, மூன்று நீர் சேர்ந்த எழுத்து, மூன்று பொன் சேர்ந்த எழுத்து எனப் பெயருக்கென்றே விரும்பித் தேர்ந்தெடுக்கும் எழுத்துகள் உள்ளன. நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ ஷுன் 1921இல் எழுதிய ‘சொந்த ஊர்’ கதையில் வரும் உழவர் மகன் ருன்து, கணிப்பில் மண் குறைந்ததால் மண் என்னும் எழுத்தைப் பெயரில் பெற்றவன். வளர்ந்தபின் அவன் வாழ்க்கை மண்ணோடு மல்லாடியே தேய்கிறது.

இவற்றையெல்லாம் நகைத்தவரும் சீனரே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங், ‘லுன்ஹெங்’ என்னும் தம் நூலில் எளிய கேள்விகளை அடுக்குகிறார். எலி நீருக்குரியது, குதிரை தீக்குரியது என்றால் எலி ஏன் குதிரையை விரட்டவில்லை? சேவல் உலோகம், முயல் மரம் என்றால் சேவல் ஏன் முயலைக் கொத்தித் தின்னவில்லை? பாம்பு தீ, குரங்கு உலோகம் என்றால் பாம்பு ஏன் குரங்கை விழுங்கவில்லை? விலங்குகள் ஒன்றையொன்று வெல்வது பல்லின் கூர்மையாலும் உடலின் வலிமையாலும்தான் என்பது அவர் முடிவு. சோதிடர் யாரும் இதற்கு நேரான விடை தந்ததாகத் தெரியவில்லை. விலங்குகளையும் மூலகங்களையும் இணைத்துக் கூறும் பழஞ்சான்றுகளுள் ஒன்றாக அவருடைய மறுப்பே இன்று ஆய்வாளருக்குப் பயன்படுகிறது.

நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தீக்குதிரை ஆண்டே சான்று. குதிரைக் கிளையும் தீக்குரியது, தண்டும் தீ. தீயின் மேல் தீ. சீனத்தில் இவ்வாண்டு நாட்டுக்கு இடர் வரும் காலமாக அஞ்சப்பட்டது. ஜப்பானிலோ அவ்வச்சம் பெண் குழந்தைகளின் மேல் விழுந்தது. தீக்குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனின் உயிரைக் குடிப்பாள் என்றனர். 1683இல் எடோ நகரில் தீ வைத்த குற்றத்துக்காக எரித்துக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்னும் இளம்பெண், 1666ஆம் ஆண்டின் தீக்குதிரையில் பிறந்தவள் என்று பரவிய கதை இதற்கு உரமாயிற்று. 1906இல் பிறந்த பெண்கள் பலர் மணமாகாமல் அல்லலுற்றனர். அந்நினைவு நீங்காத பெற்றோர் 1966இல் பிள்ளைப்பேற்றையே தவிர்த்தனர்: 1965இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18.2 லட்சம், 1966இல் 13.6 லட்சம், 1967இல் 19.4 லட்சம். அறுபதாண்டு கழித்து அதே ஆண்டு 2026 பிப்ரவரி 17இல் தொடங்கி 2027 பிப்ரவரி 5 வரை நடக்கிறது.

1966இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.58 குழந்தைகள் என்ற அளவுக்குத் தாழ்ந்த ஜப்பானின் பிறப்பு விகிதம், மறு ஆண்டே 2.23க்கு ஏறியது. 1989இல் அது 1.57 ஆகக் குறைந்து தீக்குதிரை ஆண்டையும் தாண்டிக் கீழிறங்கியபோது நாடே அதிர்ந்தது. 1989 மண் பாம்பு ஆண்டு; எந்தப் பஞ்சாங்கமும் அதில் பிள்ளை பெறுவதற்கு அஞ்சச் சொல்லவில்லை.